நாடா வெட்டியது இங்கே, பள்ளிக்கூடம் அங்கே

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் புது மாடிக் கட்டடத்தைத் திறந்துவைத்தோம். பள்ளிக்கூடம் இருப்பது யாழ்ப்பாணத்தில். திறந்துவைத்தது பாரிஸ் புறநகரான லெ பிளாங்-மெனிலில், ஒரு கலியாண மண்டபத்தில். அன்றைக்குத் தூக்கிவாரிப்போட்டது எனக்கு இன்னும் அடங்கவில்லை. பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் என்னைக் காண்கிறவர்கள் "என்ன தவம், உடம்புக்கு ஏதும் செய்யுதோ?" என்று கேட்கிறார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண்ணால் கண்டதை நம்பமுடியாத மனிசன் கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருப்பான்.

ஊரின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் லாச்சப்பல் தேத்தண்ணிக் கடையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒருவரும் உட்காரமாட்டார்கள். தவிரவும், வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் இது எங்கள் ஊர்க் கதை, எப்படி எழுதலாம் என்று சண்டைக்கு வருவீர்கள். பெயர் போடாமலே வருவீர்கள் என்று நினைக்கிறேன். வாருங்கள்.

நான் லாச்சப்பலில் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கலியாண அட்டை, பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டு அல்பம், பிறந்தநாள் பனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு இங்கே நல்லது கெட்டது எது நடந்தாலும் அது முதலில் என்னுடைய கொம்பியூட்டரில் நடந்துவிடும். கடையின் பின்னறையில், காகிதச் சுருள்களுக்கு நடுவில், எட்டுக் கதிரை போட்டிருக்கிறேன். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தலைமையகம் அதுதான்.

2

சங்கத்தின் தலைவர் பரமலிங்கம் அண்ணை. லாச்சப்பலில் மரக்கறிக் கடையில் தொடங்கி மொத்த வியாபாரம்வரை போனவர். ஆளைப் பற்றி இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் அவரை முழுக்கக் கெட்டவர் என்று நினைக்கக்கூடாது என்பதற்காக முதலே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு விசா அட்டை கிடைக்காமல் நாயாய் அலைந்த காலத்தில், விடியமுன் விசாக் கந்தோரான பிரெஃபெக்சர் வாசலில் வரிசை பிடிக்க என்னோடு வந்து பனியில் நின்றவர் அவர். தன்னுடைய கையுறையைக் கழற்றித் தந்தவர். அதை மறந்தால் நான் மனிசனே இல்லை.

சங்கத்தைப் பதிவுசெய்யப் போன நாளிலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். கந்தோரில் இருந்த பெண் பத்திரங்களைப் புரட்டிவிட்டு, "இந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்?" என்று கேட்டாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பரமலிங்கம் அண்ணை நெஞ்சை நிமிர்த்தி, தன்னுடைய சந்தைப் பிரெஞ்சில், "நாங்கள் எல்லோரும்தான், மதாம்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்துவிட்டது. முத்திரை குத்தித் தந்துவிட்டாள். அந்தப் பகிடியைக் கனகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அவள் கேட்ட கேள்வியை அதற்குப் பிறகு எங்களில் ஒருவருமே கேட்கவில்லை. இப்போது நினைத்தால் எனக்கே என்னை நம்பமுடியவில்லை.

வருடாவருடம் இராப்போசன விருந்து வைப்போம். கொத்துரொட்டி, பாட்டு, அதிர்ஷ்டலாபச் சீட்டு. இங்கே பிறந்த பிள்ளைகள் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்த தமிழ்த்தாய் வாழ்த்தைப் பார்த்துப் பாடுவார்கள். கிடைப்பதெல்லாம் ஊருக்குப் போகும். ஊருக்கு என்ன வேண்டும் என்ற பேச்சு வந்தபோது ஒரே குரலில் கட்டடம் என்றோம். கட்டடத்தைப் படம் பிடிக்கலாம். முகப்பில் சலவைக்கல் பதிக்கலாம். அந்தக் கல்லுக்கு எழுத்து அமைத்துக் கொடுத்தது நான்தான். தன்னுடைய பெயர் ஏன் மூன்றாம் வரியில் இருக்கிறது, அவருடைய பெயர் ஏன் தடித்த எழுத்தில் இருக்கிறது என்று வந்த சண்டையில் இரண்டு சம்பந்திகள் இன்றுவரைக்கும் கதைப்பதில்லை.

3

திறப்பு விழாவுக்கு முதல்நாள் சனிக்கிழமை ஊரில் ஒத்திகை நடந்தது. அந்தப் படங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. அதையெல்லாம் கோத்து மண்டபத்தில் காட்ட ஒரு வீடியோ செய்துதரும்படி என் மகள் ஆரணியைக் கேட்டிருந்தேன். கேட்டிருந்தேன் என்றால் கெஞ்சியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இங்கே பாரிசுக்குப் பக்கத்தில் பொண்டியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் தமிழ் போகும், பிரெஞ்சு திரும்பி வரும். "சாப்பிட்டியோ பிள்ளை?" என்றால் "உய்" என்பாள். என் மனிசி இதற்காக அழுதும் பார்த்தாள், அடம்பிடித்தும் பார்த்தாள். இப்போது விட்டுவிட்டாள்.

அன்று பின்னேரம் ஆரணி தன் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, இந்தப் பிள்ளைகளின் ரையைப் பாருங்கள்" என்றாள், பிரெஞ்சில்.

பார்த்தேன். புதுக் கட்டடத்துக்கு முன்னால் வெள்ளைச் சீருடையில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். முன்வரிசையின் ஓரத்தில் கொஞ்சப் பேருடைய கழுத்தில் நீல ரை. மற்ற அத்தனை பேருடைய கழுத்திலும் மெரூன் ரை.

"அது இல்லங்கள்" என்றேன். "விளையாட்டுப் போட்டிக்குப் பிரிக்கிறது. நாங்கள் படிக்கேக்கையும் இருந்தது."

"ஒரு இல்லத்தில் இவ்வளவு பேர், மற்ற இல்லத்தில் ஒரு கைப்பிடியா?"

நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேள்வி கேட்பதில் தாயை அப்படியே கொண்டிருக்கிறாள். பதில் தெரியாத தகப்பன்மார் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

"உனக்கு உதெல்லாம் விளங்காது. வீடியோவைக் கெதியாய் முடி" என்றேன்.

4

மண்டபத்தில் காலை பத்து மணி, ஊரில் உச்சி வெயில் கொளுத்துகிற நேரம். அந்த முகூர்த்தத்தைக் குறித்தது ஐயர் இல்லை, மண்டபக்காரர். மத்தியானத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு சாமத்திய வீடு இருந்தது.

நாடா இரண்டு கட்டியிருந்தோம். ஒன்று ஊரில், கட்டடத்தின் வாசலில். மற்றது இங்கே மேடையில், இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவில். பரமலிங்கம் அண்ணை இங்கே வெட்ட, அதே கணத்தில் அதிபர் சுகந்தி அங்கே வெட்டவேண்டும் என்பது ஏற்பாடு. சுகந்தி என்னுடைய வகுப்பில் படித்தவள். நாங்கள் எல்லோரும் கப்பலும் விமானமும் ஏற, அவள் ஊரிலேயே நின்று படிப்பித்து அதே பள்ளிக்கூடத்துக்கு அதிபராகிவிட்டாள். பெரிய திரையில் அவளைப் பார்த்தபோது அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவளும் என்னைக் கண்டால் அப்படித்தான் திகைப்பாள்.

அண்ணை வெட்டினார். மண்டபம் கைதட்டியது. கைதட்டி ஓய்ந்த பிறகும் திரையில் சுகந்தி கத்தரிக்கோலோடு எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். படமும் சத்தமும் பிந்தி வருகிறதாம். அவள் வெட்டுகிறபோது இங்கே பாதிப் பேர் வடை எடுக்க எழும்பிவிட்டார்கள்.

பிறகு கமெரா பிள்ளைகள் பக்கம் திரும்பியது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேர்த்து வழிய நின்றார்கள். பரமலிங்கம் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை, எனக்கு அவரைத் தெரியும். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பாருங்கோ, எங்கடை பிள்ளையளின்ரை முகக்களையைப் பாருங்கோ! எங்கை போனாலும் எங்கடை ரத்தம் எல்லோ! உந்தக் களை வேறை ஆருக்கும் வருமே?"

திரும்பவும் கைதட்டல். அந்த உற்சாகத்தில் நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்றை அவர் செய்துவிட்டார். முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமியைக் காட்டி, அந்தப் பிள்ளையிடம் மைக்கைக் கொடுக்கச் சொன்னார். இரண்டு பின்னல், மெரூன் ரை, முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"பிள்ளை, உம்மடை பேர் என்ன?"

"தர்சிகா."

"வடிவான பேர். புதுப் பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கோ?"

"ஓம் மாமா. நல்ல வடிவு."

"எத்தினையாம் வகுப்புப் படிக்கிறீர் இஞ்சை?"

"நான் இஞ்சை படிக்கேல்லை மாமா" என்றது பிள்ளை. "எங்களை நேற்றும் இண்டைக்கும் மட்டும் வந்து நிக்கச் சொன்னவை."

பிள்ளை மேலும் ஏதோ சொல்வது உதட்டசைவில் தெரிந்தது. அதற்குள் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்து அண்ணை கையைக் காட்ட, சத்தம் நின்றுவிட்டது. "நெற்வேர்க் பிரச்சினை, நெற்வேர்க் பிரச்சினை" என்று மேடையிலிருந்து ஒருவர் சொன்னார். உடனே பாட்டுப் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நம்புவீர்களோ தெரியாது, நானும் தட்டினேன். என் கை தட்டிக்கொண்டிருப்பதை நானே பார்த்துத் திடுக்கிட்டேன்.

5

வீட்டுக்குக் காரில் திரும்பினோம். மனிசி, "அந்தப் பிள்ளை வெருண்டுபோய் மாறிச் சொல்லிப்போட்டுதாக்கும்" என்றாள். நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன். பின்னால் இருந்த ஆரணி ஹெட்போனைக் கழற்றினாள். மண்டபத்தில் அவள்தான் மடிக்கணினியில் நேரலையைப் பார்த்துக்கொண்டவள். ஒலிபெருக்கி நின்ற பிறகும் அவள் காதுக்குள் ஊரின் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு என்ன சொன்னது என்று தெரியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"என்ன?"

ஆரணி அதைப் பிரெஞ்சில் சொல்லப்போய் நிறுத்தினாள். பிறகு தமிழில், அந்தச் சிறுமி சொன்ன மாதிரியே, அதே இழுவையோடு சொன்னாள்.

"நாளைக்கும் வரலாமோ மாமா?"

மனிசி திரும்பி மகளைப் பார்த்தாள். நான் சிவப்பு விளக்கில் நிற்காமல் போய்விட்டேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்துத் திட்டினான். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

6

அன்று பின்னேரமே சுகந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே பொழுது பட்டுவிட்டது. தூரத்தில் கோயில் மணிச் சத்தம் கேட்டது. சுகம் விசாரித்தேன். சுற்றிவளைத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"தவம், கேக்கவந்ததைக் கேளுங்கோ."

"பள்ளிக்கூடத்திலை எத்தினை பிள்ளையள் சுகந்தி?"

"ஒன்பது."

ஒரு வகுப்புக்கு ஒன்பது என்று நினைத்து, "மொத்தமாய்?" என்றேன்.

"மொத்தமாய்த்தான். அதிலை மூண்டு ஒரு வீட்டுப் பிள்ளையள். படத்திலை நீல ரையோடை நிண்டது அவ்வளவு பேரும்தான்."

குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். இரண்டு மாடி, எட்டு வகுப்பறை, மேலே ஒரு மண்டபம், ஒன்பது பிள்ளைகள்! கல்விக் கந்தோர் ஏற்கனவே சொல்லிவிட்டதாம். வருகிற தவணைக்குள் பிள்ளைகள் கூடாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடி ஒன்பது பேரையும் பட்டணப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

"அப்ப மெரூன் ரைப் பிள்ளையள் ஆர்?"

"குடியேற்றத்துப் பிள்ளையள்."

எங்கள் ஊர் எல்லையில், களப்புக்கரையில், வீட்டுத்திட்டம் ஒன்று இருக்கிறது. இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக அலைந்து, கடைசியில் அங்கே குடியேற்றப்பட்ட குடும்பங்கள். வீட்டுக்கு வீடு பிள்ளைகள். பெரிய வீதியில் போகும் பேருந்தை நம்பித் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்களாம். மெரூன் ரை அந்தப் பள்ளிக்கூடத்தினுடையது. பேருந்து வராத நாளில் பள்ளிக்கூடமும் இல்லை. வராத நாள்தான் கூட. எங்கள் பள்ளிக்கூடம் அவர்களுக்கு அதைவிடக் கிட்ட. ஆனால் வழி வயல்வரம்பு, சின்னப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் நடக்கக் கஷ்டம்.

"நான் கட்டடம் கேக்கேல்லை தவம்" என்றாள் சுகந்தி. "பிள்ளையளை ஏத்தி இறக்க ஒரு பழைய வான் கேட்டனான். வான் ஒண்டு இருந்தால் உந்தப் பிள்ளையள் முழுக்க இஞ்சை வரும். பள்ளிக்கூடமும் தப்பும், பிள்ளையளும் தப்பும். பரமலிங்கம் அண்ணை மறுமொழி சொல்லேல்லை. பேந்து கட்டட வரைபடம்தான் வந்தது."

"அப்ப உந்தப் பிள்ளையளை ஏன் கொண்டுவந்து நிப்பாட்டினனீர்?"

இப்போது அவளுடைய குரல் மாறியது.

"வீடியோவிலை வெறுமையாய்த் தெரியக்கூடாது, நிறையப் பிள்ளையள் நிக்கவேணும் எண்டு உங்கடை தலைவர்தான் சொன்னவர். எங்கை பிடிக்கிறது எண்டு சொல்லேல்லை. லான்ட்மாஸ்ரர் உழவுயந்திரப் பெட்டியிலை ஏத்திக்கொண்டு வந்தம். பாணும் சம்பலும் குடுத்தம். அதுகளும் சந்தோசமாய் வந்து நிண்டுதுகள். என்னைத் தவிர ஒருத்தருக்கும் இதிலை வெக்கம் இருந்ததாய்த் தெரியேல்லை. நீங்கள் உங்கை கை தட்டினதும் கேட்டது."



7

வெள்ளிக்கிழமை பின்னறையில் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் ஒரே விடயம், நன்றி தெரிவிப்பு. விழாப் படங்களைப் பார்த்துப் பரமலிங்கம் அண்ணை பூரித்துப்போயிருந்தார். நான் எழும்பி, சுகந்தி சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். ஒன்பது பிள்ளைகள் என்றதும் இரண்டொரு பேர் "என்ன விசர்க்கதை!" என்றார்கள். அவர்களுக்கும் உண்மையாகவே தெரியாது. எங்களுடைய ஊரில் பிள்ளைகள் இல்லாமல் போவார்கள் என்று எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. எப்படி இருப்பார்கள்? அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கவேண்டிய பிள்ளைகளை நாங்கள்தான் சார்செலிலும் பொண்டியிலும் பெற்று வைத்திருக்கிறோமே.

"எனக்குக் குறையிறது தெரியும்" என்றார் பரமலிங்கம் அண்ணை. "அதுக்காகத்தான் கட்டடம். கட்டடத்தைக் கண்டால் பிள்ளையள் வரும்."

"எங்கையிருந்து வரும் அண்ணை? பிள்ளையள் இருக்கிறது குடியேற்றத்திலை. வான் விட்டால் வரும்."

அவர் கதிரையில் நகர்ந்து இருந்தார். மற்றவர்கள் காகிதச் சுருள்களைப் பார்த்தார்கள்.

"தவம், உமக்கு விளங்காது. அவை எங்கடை ஆக்கள் இல்லை. எங்கடை பள்ளிக்கூடம் எண்டு ஒரு பேர் இருக்கு. நாளைக்கு ஊரிலை மிச்சம் இருக்கிற நாலு சனமும் தங்கடை பிள்ளையளை எடுத்துப்போடும்."

சாதி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை. வாசிக்கிற உங்களுக்கு விளங்கும். விளங்காத மாதிரி இருக்கவும் எங்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் ஒரே சமையலறையில் சட்டி கழுவி, ஒரே அறையில் பத்துப் பேர் படுத்து எழும்பி, ஆபிரிக்கனோடும் அரபுக்காரனோடும் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிசர்!

"அண்ணை" என்றேன், "மேடையிலை நிண்டு எங்கடை ரத்தம் எண்டு சொன்னியளே. கண்ணீர் விட்டியளே. அந்த முகக்களை முழுக்கக் குடியேற்றத்துப் பிள்ளையளின்ரை முகக்களைதான்."

அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நான் நிறுத்தவில்லை. எனக்குக் கோபம் வந்தால் பழைய கதையெல்லாம் வரும்.

ஆரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போதாது என்று ஒரு வகுப்பை மூடப் பார்த்தார்கள். பெற்றோர் படுக்கை விரிப்பில் எழுதி வேலியில் கட்டினார்கள். ஒரு பின்னேரம் அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியை எங்கள் கட்டடத்தின் படியேறி, கதவு கதவாகத் தட்டி வந்தாள். எங்கள் வாசலிலும் நின்றாள். எனக்கு அப்போது பிரெஞ்சும் சரியாக வராது, நிரந்தர அட்டையும் இல்லை. "உங்கள் மகளை எங்களிடம் தாருங்கள், மிஸியே. அவள் வந்தால் வகுப்பு பிழைக்கும்" என்றாள். எங்களையும், மேல்மாடி மாலி நாட்டுக்காரரையும், கீழே இருந்த போர்த்துக்கீசரையும் சேர்த்துத்தான் அந்த வகுப்பைக் காப்பாற்றினார்கள். நாங்கள் யார், எந்தப் பகுதி ஆக்கள் என்று அவள் கேட்கவில்லை. பிள்ளைக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டாள்.

இதைச் சொல்லி முடித்தேன்.

"உதுவும் இதுவும் ஒண்டே?" என்றார் பரமலிங்கம் அண்ணை. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

கூட்டம் தேத்தண்ணியும் குடிக்காமல் கலைந்தது. வான் பற்றி முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. நன்றி பனர் மட்டும் அடிக்கச் சொன்னார்கள்.

8

வாசிக்கிற நீங்கள், நான் அதிபருக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். மறுநாள் எடுத்துப் பேசினேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சுகந்தி, சங்கம் இன்னும் முடிவு எடுக்கேல்லை. அந்தப் பிள்ளை தர்சிகாவைக் கொஞ்ச நாள் பொறுத்து..." என்று தொடங்கினேன்.

"எந்தக் காலத்திலை இருக்கிறியள்?" என்றாள். "அவள் திங்கட்கிழமை விடியவே வந்திட்டாள். நான் படலை திறக்கமுன்னம் தம்பியையும் கையிலை பிடிச்சுக்கொண்டு வாசல்லை நிக்கிறாள். வரம்பாலை நடந்து வந்து காலெல்லாம் சேறு. நாளைக்கும் வரலாமோ எண்டு மாமாவைக் கேட்டனாம், மாமா இல்லையெண்டு சொல்லேல்லையாம்."

"பேந்து?"

"பேந்தென்ன? தாயைக் கூப்பிட்டு ரெண்டு பேரையும் சேத்துப்போட்டன். இப்ப பதினொண்டு. அதுக்கும் பாரிசிலை கேக்கவேணுமோ?"

உண்மையைச் சொன்னால், கேட்கவேண்டும் என்றுதான் அந்தக் கணம்வரை நினைத்திருந்தேன். ஊரில் ஒரு வேலி அடைத்தாலும், ஒரு தேர் இழுத்தாலும் எங்களைக் கேட்டுத்தான் செய்வார்கள் என்ற நினைப்பு எங்களில் ஊறிப்போய்க் கிடக்கிறது. அவள் ஒரு வார்த்தையில் அதைத் தூக்கி எறிந்துவிட்டாள்.

"ஆனால் தவம்" என்றாள் கடைசியாக, "மழை தொடங்கினால் வரம்பாலை வரேலாது. அந்த ரெண்டும் நிண்டுவிடும். அதுக்கு முதல் ஏதும் செய்யேலுமெண்டால் செய்யுங்கோ. ஏலாதெண்டால் அதையும் சொல்லுங்கோ."

9

நேற்று மத்தியானம் கடையில் ஒருவரும் இல்லாத நேரம் பரமலிங்கம் அண்ணை வந்தார். கையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி. ஒன்றை எனக்கு முன்னால் வைத்தார். நன்றி பனர் இன்னும் அடிக்கவில்லை என்பதைக் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தப் பிள்ளை உண்மையாய் அப்பிடிக் கேட்டதோ?"

ஆரணி பதிவுசெய்து அனுப்பியிருந்த வீடியோத் துண்டைப் போட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நாளைக்கும் வரலாமோ மாமா என்று பிள்ளை கேட்டது. முன்பல் விழுந்த இடத்தில் சொல் கொஞ்சம் காற்றாக வந்தது. அவர் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். பிறகு அந்தப் பிள்ளை இப்போது வரம்பால் நடந்து பள்ளிக்கூடம் வருகிறது என்றேன்.

"எங்களைக் கேக்காமலோ?" என்றார், என்னைப் போலவே. பிறகு அவருக்கே அது எப்படிக் கேட்டதென்று விளங்கியிருக்கவேண்டும். தேத்தண்ணியை உறிஞ்சினார்.

"என்னைத்தான் கேட்டிருக்கு, என்ன? மாமா எண்டு" என்றார்.

"ஓம் அண்ணை. உங்களைத்தான்."

வெளியே லாச்சப்பல் வழக்கம்போலச் சத்தமாக இருந்தது. அவர் எழும்பிப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உந்தப் பிள்ளை ஆரின்ரை பிள்ளை, எவடம் எண்டு விசாரிச்சனீரோ?"

"இல்லை."

"விசாரியாதையும்" என்றார். "எனக்கும் சொல்லாதையும்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றித் தந்த அதே மனிசன். உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மாறிவிட்டார் என்று எழுத எனக்கு விருப்பம், ஆனால் அப்படி எழுதினால் அது பொய்.

"வான் நான் வாங்கிக் குடுக்கிறன். சங்கத்துக்கு உந்தக் கதை வேண்டாம். ஒருத்தருக்கும் மூச்சுவிடாதையும், விளங்குதே?"

"ஓம் அண்ணை."

"அது சரி" என்று குரலை இறக்கினார். "வானின்ரை பக்கத்திலை பேர் போடலாமோ?"

"போடலாம்."

"எவ்வளவு பெரிசாய்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒருவருக்கும் தெரியக்கூடாது, பெயர் மட்டும் பெரிதாக இருக்கவேண்டும்! ஆனால் மழைக்கு முன் வான் போகவேண்டும். கொம்பியூட்டரில் ஒரு வானின் படத்தை எடுத்து, பக்கவாட்டில் அவருடைய பெயரை முழு நீளத்துக்கும் இழுத்துக் காட்டினேன். அவர் எழும்பிக் கிட்ட வந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மேலை ஏத்தும்."

"கண்ணாடியை விட்டிட்டுப் போடுவம் அண்ணை" என்றேன். "பிள்ளையள் வெளியிலை பாக்கவேணும்."

அவர் திரையில் தெரிந்த கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஓம், ஓம். விடும்" என்றார். "உள்ளுக்குப் பிள்ளையள் இருக்கிறதும் தெரியவேணும்."